அம்மாவுக்கு அம்மா ரத்தம்

மார்ச் 3
அம்மாவின் பழைய ரிப்போர்ட்டில் 'ஓ பாசிட்டிவ்'. இத்தனை வருடமும் அதைத்தான் நம்பியிருந்தோம். இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்காக இன்று ரத்த வங்கியில் மறுபடி பார்த்தார்கள். அம்மாவின் சீரத்தோடு, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப் பகுதியோடு, ஓ குரூப் செல்களைக் கலந்ததும் திரண்டுவிட்டது. டாக்டர் டியூபைத் தட்டிக் காட்டினார். அடியில் சிவப்பு மணல் மாதிரி கட்டி கட்டியாக இருந்தது.

பாம்பே குரூப். 1952-ல் டாக்டர் பெண்டேயும் உடன் இருந்தவர்களும் மும்பையில் கண்டறிந்து எழுதியது. ஓ ரத்தத்தில்கூட இருக்கிற 'ஹெச்' என்ற பொருள் அம்மாவிடம் இல்லை. அதே குரூப் ரத்தம் மட்டும்தான் சேரும். இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்குத்தான் இது இருக்கிறதாம். பழைய ரிப்போர்ட்டை நம்பி ஓ ரத்தம் ஏற்றியிருந்தால் என்று நினைக்கவே கை நடுங்குகிறது.

மார்ச் 5
உடன்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றதும் திண்டுக்கல் மாமா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். அவருக்குச் சாதாரண ஓ. "அக்காவுக்குக் கொடுக்க முடியலையேப்பா" என்று கேன்டீனில் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் டாக்டர் சொன்னார்: "அவங்க ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வெச்சுக்கலாம்."

மார்ச் 10
முதல் பை, 350 மில்லி. ஹீமோகுளோபின் 12.6 இருந்தது, 11-க்குக் கீழே இருந்தால் எடுக்க மாட்டார்கள். ஃபிரிட்ஜில் 35 நாள் தாங்கும். பையின் லேபிளில் அம்மாவே கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் 17
11.2. அப்பாடா. இரண்டாவது பை. இரும்புச்சத்து மாத்திரையோடு வீட்டில் தினமும் முருங்கைக்கீரைதான். ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருக்கிறது. கடைசியாக எடுப்பதற்கும் ஆபரேஷனுக்கும் நடுவே 72 மணி நேரமாவது வேண்டுமாம்.

மார்ச் 27, இரவு
ஆபரேஷன் முடிந்தது. ஒரு பை ஏற்றினார்கள். சொந்த ரத்தம்தானே என்று விடவில்லை. பை மாறிவிட்டால் ஆபத்து ஆபத்துதான். நர்ஸ் இரண்டு பேர் பெயரையும் நம்பரையும் சத்தமாகப் படித்து, அம்மாவின் கைப்பட்டையோடு ஒத்துப்பார்த்தார்கள். லேபிளில் அந்தக் கோணல் கையெழுத்து. முதல் கால் மணி நேரம் ஒரு நர்ஸ் நகரவே இல்லை. நானும்தான்.

மார்ச் 30
வாக்கர் பிடித்து வாசல்வரை நடந்தாள். மீதிப் பையை வேறு யாருக்காவது கொடுக்கலாமே என்று கேட்டாள். அம்மாவுக்கு 67 வயது. பொதுவாக 65-க்கு மேல் தானம் வாங்குவதில்லை என்றார்கள்.

"அப்போ உங்க சித்திக்குப் பாருங்க, அவ சின்னவதானே" என்றாள்.

சித்தி ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்.