6 ஜிபி லாக்கில் இருந்து 38 ஜிபி பேக்கப்

ஞாயிறு அதிகாலை மூன்று மணி தாண்டியிருக்கும். இரவுப் பணியில் இருந்த தம்பி போன் செய்தார். "அண்ணா, பேக்கப் டிரைவ் நிறைஞ்சிடுச்சு. ரெண்டரை மணி லாக் பேக்கப் மட்டும் 38 ஜிபி. அதை அழிச்சிடவா?"

"அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்றேன். தரவுத்தளத்தில் நடக்கும் மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைப்பதுதான் லாக். அதன் பேக்கப்புகள் சங்கிலி மாதிரி. நடுவில் ஒன்று போனால், அடுத்த முழு பேக்கப்போ டிஃபரன்ஷியல் பேக்கப்போ (முழு பேக்கப்புக்குப் பின் மாறியது மட்டும்) எடுக்கும் வரை அதற்குப் பின்னால் எடுத்த லாக் எதுவும் உதவாது. வேறு சர்வரில் நகல் இருந்த பழைய முழு பேக்கப் ஒன்றை நீக்கி இடம் பண்ணினோம். மூன்று மணி பேக்கப் இடமில்லாமல் தோற்றிருந்தது. அதை மறுபடி ஓட்டியதும் சரியாக முடிந்தது.

இரவும் பகலும் பில் போடும் மருந்துக் கடைகளின் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளம் அது. ஃபுல் ரெக்கவரி மாடல், அதாவது எல்லா மாற்றமும் லாக்கில் முழுதாகப் பதிவாகும் அமைப்பு. அரை மணிக்கு ஒரு லாக் பேக்கப். ஒவ்வொன்றும் வழக்கமாக 100 எம்பியைத் தாண்டாது.

ஒரே ஃபைலில் பல பேக்கப்புகள் சேர்ந்துகொண்டே போகின்றனவோ என்றுதான் முதலில் பார்த்தேன். ஃபைலுக்குள் என்னென்ன பேக்கப் இருக்கிறது என்று காட்டும் 'ரீஸ்டோர் ஹெடர்ஒன்லி' கட்டளையை ஓட்டியதில் ஒரே ஒரு பேக்கப்தான் இருந்தது. தொடங்கிய மாற்றங்களை முடிக்காமல் நிற்கும் டிரான்ஸாக்‌ஷனும் காரணமில்லை. அது லாக் ஃபைலைப் பெருக்க வைக்குமே தவிர, ஏற்கெனவே பேக்கப் எடுத்த லாக்கை மறுபடி எடுக்க வைக்காது.

என்னைக் குழப்பியது வேறு. லாக் ஃபைலின் மொத்த அளவே 6 ஜிபி. அது அன்றிரவு வளரவும் இல்லை. 6 ஜிபிக்குள் இருந்து 38 ஜிபி எப்படி வரும்?

விடை எம்எஸ்டிபியில், அதாவது சர்வர் தன் சொந்தக் குறிப்புகளை வைக்கும் தரவுத்தளத்தில், இருந்தது. அங்கே 'பேக்கப்செட்' என்ற அட்டவணையில் ஒவ்வொரு பேக்கப்பின் வரலாறும் பதிவாகியிருக்கும். டைப் 'எல்' என்பவை லாக் பேக்கப்புகள். அவற்றை அளவுப்படி அடுக்கினேன். மேலே வந்தவை எல்லாமே ஞாயிறு இரண்டரை மணி பேக்கப்புகள்! மூன்று மாதம் முன்பு 29 ஜிபி. வாராவாரம் ஏறி இப்போது 38. டிரைவில் இடம் இருந்தவரை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. எல்லாவற்றிலும் 'ஹேஸ்_பல்க்_லாக்ட்_டேட்டா' என்ற பத்தியில் 1, அதாவது பல்க்-லாக்ட் முறையில் நடந்த மாற்றங்கள் உள்ளே இருக்கின்றன.

அப்புறம் ஞாயிறு இரண்டு மணி பராமரிப்பு ஜாபைத் திறந்தேன். முதல் வரி தரவுத்தளத்தை பல்க்-லாக்ட் மாடலுக்கு (பெரிய வேலைகளைச் சுருக்கமாக மட்டும் லாக்கில் எழுதும் அமைப்பு) மாற்றுகிறது, பிறகு தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் எல்லாவற்றையும் ரீபில்ட் செய்கிறது, அதாவது புதிதாகக் கட்டுகிறது, கடைசியில் ஃபுல்லுக்குத் திரும்புகிறது. லாக் ஃபைல் பெருக்கக் கூடாது என்று யாரோ நல்லெண்ணத்தில் செய்தது.

பல்க்-லாக்ட் மாடலில் ரீபில்ட் நடந்தால் எழுதிய பக்கங்கள் லாக்குக்குள் போவதில்லை. எந்தெந்த எக்ஸ்டென்ட் மாறியது என்ற குறிப்பு மட்டும் தரவு ஃபைலில் இருக்கும். ஒரு எக்ஸ்டென்ட் என்பது 8 கேபி பக்கங்கள் எட்டு, அதாவது 64 கேபி. அடுத்த லாக் பேக்கப் அந்தக் குறிப்பைப் பார்த்து, மாறிய எக்ஸ்டென்ட்டுகளைத் தரவு ஃபைலில் இருந்தே அள்ளிக்கொண்டு வரும். லாக்கில் மிச்சம் பிடித்தது முழுவதும் பேக்கப்பில் வந்து சேர்ந்தது.

அளவைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட பேக்கப்புக்கு நடுவில் ஒரு நிமிடத்தைச் சொல்லி ரீஸ்டோர் செய்ய முடியாது என்பதுதான் என்னைப் பதற வைத்தது. 2:20க்கு யாராவது தவறாக ஒரு அட்டவணையை அழித்திருந்தால் 2:00க்குத்தான் திரும்ப முடியும். அந்த இருபது நிமிட பில்கள் போனதுதான். அந்த நேரத்தில் தரவு ஃபைல் கெட்டுப்போனால் கடைசி லாக் பேக்கப்பைக்கூட எடுக்க முடியாது.

ஃபுல் மாடலிலேயே விட்டால் மட்டும் அளவு குறையாது. ரீபில்ட் முழுவதும் லாக்கில் எழுதப்படும். அதனால் வேலையையே குறைத்தேன். 1,000 பக்கங்களுக்கு மேல் இருந்து, 30 சதவீதத்துக்கு மேல் சிதறிய இண்டெக்ஸ் மட்டும் ரீபில்ட் ஆகும், அதுவும் பல இரவுகளாகப் பிரித்து. தரவு எப்படிப் பரவியிருக்கிறது என்ற கணக்கான ஸ்டாடிஸ்டிக்ஸைப் புதுப்பிக்கத் தனி ஜாப். மாடல் மாற்றும் இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு இரண்டரை மணிக்கு நானே விழித்திருந்து பார்த்தேன். 2.6 ஜிபி. அந்த பேக்கப்பை வைத்தே சோதனை சர்வரில் 2:17க்கு ரீஸ்டோர் செய்தேன். 2:16க்குப் போட்ட பில் அதில் இருந்தது.