கான்சஸ் சிட்டியில் அறை எடுக்காத ஒரு ராத்திரி

வீட்டுக்கு வந்து இன்னும் பையைக்கூடப் பிரிக்கவில்லை. காதுக்குள் டிரம்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது, வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, கடைசியில் மொத்தச் செலவு என்று ஒழுங்காக எழுதுவதாகத்தான் உத்தேசம்.

ஏன் கான்சஸ் சிட்டி என்று கேட்டால், எனக்கு இருக்கும் இரண்டு பைத்தியங்களும் ஒரே கட்டடத்தில் இருக்கும் ஊர் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். ஒன்று ஜாஸ், இன்னொன்று பந்து விளையாட்டு. சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ரேடியோ. பகலில் அப்பா அதில் டெஸ்ட் மேட்ச் கமெண்ட்ரி கேட்பார். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, அதே ரேடியோவில் சிற்றலையைத் திருகினால் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் புரிகிற மாதிரி நிதானமாகப் பேசி, ஜாஸ் போடுவார். இரண்டுமே ஒரே பெட்டியிலிருந்து வந்ததால் இரண்டும் வேறு வேறு உலகம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மற்றவர்களுக்குத் தோன்றுகிறது. ஜாஸ் கேட்கும் நண்பர்களிடம் மேட்ச் பற்றி வாயெடுத்தால் இரக்கத்தோடு பார்ப்பார்கள். மேட்ச் பார்க்கும் நண்பர்களோ, "அந்த லிஃப்ட்ல ஓடுற மியூசிக்கா?" என்பார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கி முப்பது வருஷம் ஆகிறது.

சரி, பயணம். நான் இருப்பது சிகாகோவில். ரயில் டிக்கெட்டைப் பார்த்தேன், மூடிவிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பாதி விலை. அந்தப் பாதி விலைக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். என் சீட் சாயாது. எனக்கு முன்னால் இருந்த சீட் மட்டும் என் மடி வரைக்கும் சாயும். பின்னால் கழிப்பறை. அதன் கதவு ஒவ்வொரு வளைவிலும் தானாகத் திறந்து, தன் மணத்தை ஊருக்குச் சொல்லிவிட்டு, தானாக மூடிக்கொள்ளும். ஏசியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டதற்கு, "இரண்டே நிலைதான், இது அல்லது எதுவுமில்லை" என்றார் டிரைவர். செயின்ட் லூயிஸில் ஒரு மணி நேரம் நிற்கும் என்றார்கள். மூன்றரை மணி நேரம் நின்றது. மாற்று டிரைவர் வரவில்லையாம். விடியற்காலை நாலு மணிக்கு, காசை வாங்கிக்கொண்டு சிப்ஸைத் தராத ஒரு மெஷின் முன்னால் நின்று, நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இது தேவையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எட்டு மணிக்குச் சேர வேண்டியவன் பத்தரைக்குச் சேர்ந்தேன். அந்தப் பஸ்ஸில் போகாதீர்கள். ரயிலுக்குக் காசு சேரும்வரை வீட்டிலேயே இருங்கள்.

அறை எடுக்கவில்லை. இது என் மேதாவித்தனம். அங்கே விடியும்வரை ஜாஸ் வாசிக்கும் இடம் ஒன்று இருக்கிறது, காலையில் திரும்ப பஸ், நடுவில் எதற்கு அறைக்கு நூற்று முப்பது டாலர்? நகரின் நடுவே ஓடும் ஸ்ட்ரீட்கார் இலவசம். அதில் ஏறிக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தேன். காசு கேட்காத வண்டியில் உட்காரும் சுகமே தனி.

அப்புறம் நேராக 18-ஆம் தெருவும் வைன் தெருவும் சேரும் இடம். செங்கல் கட்டடம், ஒரே வாசல். உள்ளே போனால் ஒரு பக்கம் அமெரிக்கன் ஜாஸ் மியூசியம், எதிர்ப்பக்கம் நீக்ரோ லீக்ஸ் பேஸ்பால் மியூசியம். வெள்ளைக்காரர்களின் பெரிய லீக்குகளில் கறுப்பர்களைச் சேர்க்காத காலத்தில் அவர்களே நடத்திய லீக்குகளின் கதை அது. அந்தக் காலத்துப் பெயரையே மியூசியத்துக்கும் வைத்திருக்கிறார்கள். இரண்டுமே திங்கட்கிழமை விடுமுறை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் முதலில் என்று வாசலில் நின்று நான் திண்டாடியதைப் பார்த்து டிக்கெட் கொடுத்த அம்மா சிரித்தார். பேஸ்பால் பக்கம் நுழைந்தேன். நுழைந்த உடனே ஒரு மைதானம் தெரிகிறது. ஆள் உயர வெண்கலச் சிலைகள், அவரவர் இடத்தில் ஆடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் நடுவே கோழிக்கூட்டுக் கம்பி வலை. உள்ளே போக முடியாது. கறுப்பு ரசிகர்களைத் தனியே பிரித்து உட்கார வைத்தார்கள் அல்லவா, அதை நம் மூக்கு கம்பியில் இடிக்கும்படி புரியவைக்கிறார்கள். முழு வரலாற்றையும் சுற்றி வந்த பிறகுதான் அந்த மைதானத்துக்குள் கால் வைக்கலாம். வலை ஓரத்தில், இந்த லீக்கில் ஆடி அணியையும் நடத்திய பக் ஓ'நீல் சிலையாக, மேனேஜராக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

1920 பிப்ரவரி 13 அன்று, இங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் பசேயோ ஒய்எம்சிஏ கட்டடத்தில் ரூப் ஃபாஸ்டர் மற்ற அணி முதலாளிகளைக் கூட்டி நீக்ரோ நேஷனல் லீக்கை ஆரம்பித்தார். அதே வருஷம் ஆகஸ்ட் 29 அன்று, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் பிறந்தார். ஆறு மாத இடைவெளி. இதைப் படித்ததும் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம் சொன்னேன். அவர் நகர்ந்து போய்விட்டார்.

அந்தக் காலத்து ஊர் அணியின் பெயர் மானர்க்ஸ். பின்னாளில் பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் 1945-இல் இங்கேதான் ஆடினார். ராத்திரி வெளிச்சத்தில் ஆடுவதற்கு லாரியில் விளக்குக் கம்பங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள், 1930-இல். பெரிய லீக்குக்கு அந்த யோசனை வர இன்னும் ஐந்து வருஷம் ஆனது. ஆனால் நான் அசையாமல் நின்றது சாட்செல் பெய்ஜ் சிலையின் முன்னால். அந்த மனிதர் பந்து வீசக் கையைத் தூக்கி, பாதியில் ஒரு நொடி நிறுத்தி, பேட்ஸ்மேன் மட்டையைச் சுழற்றி முடித்த பிறகு வீசுவார். ஹெஸிடேஷன் பிட்ச் என்று பெயர். 1948-இல் பெரிய லீக்குக்குப் போனதும் அதைத் தடை செய்துவிட்டார்கள். லெஸ்டர் யங் சாக்ஸபோனில் செய்வதும் இதே வேலைதான். தாளத்துக்கு ஒரு இழை பின்னால் நின்று, நாம் தலையாட்டி முடித்த பிறகு ஸ்வரத்தை வைப்பார். அதை யாரும் தடை செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிர்ப்பக்கம் ஜாஸ். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கரின் பிளாஸ்டிக் சாக்ஸபோன். ஆமாம், பிளாஸ்டிக். கிராஃப்டன் என்ற பிரிட்டிஷ் தயாரிப்பு, பாலாடை நிறம், பார்த்தால் பொம்மைக்கடைச் சாமான் போல இருக்கிறது. 1994-இல் லண்டன் ஏலத்தில் 1,40,000 டாலருக்கும் மேல் கொடுத்து நகரத்துக்காக வாங்கினார்கள். 1953 மே 15 அன்று டொராண்டோவின் மாஸி ஹாலில் இதைத்தான் வாசித்தார். கூட டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்ல்ஸ் மிங்கஸ், மாக்ஸ் ரோச். ஐந்து சக்கரவர்த்திகள் ஒரே மேடையில். ஹால் நிறையவில்லை. ஏன் தெரியுமா? அதே ராத்திரி சிகாகோவில் ராக்கி மார்சியானோவுக்கும் ஜெர்ஸி ஜோ வால்காட்டுக்கும் ஹெவிவெயிட் குத்துச்சண்டை. ஊரே அதில் உட்கார்ந்திருந்தது. ஊர் மட்டுமா, இடைவேளையில் கில்லெஸ்பியே சண்டை என்ன ஆயிற்று என்று பார்க்க எதிரில் இருந்த மதுக்கடைக்கு ஓடினார் என்பார்கள். மார்சியானோ முதல் ரவுண்டிலேயே வால்காட்டைச் சாய்த்துவிட்டார். லிஃப்ட் மியூசிக் என்ற நண்பர்களும் இரக்கப் பார்வை பார்த்த நண்பர்களும் சேர்ந்து இந்தப் பெட்டி முன்னால் பத்து நிமிஷம் நிற்க வேண்டும்.

இன்னொன்று. ஜாஸ் என்ற சொல் அச்சில் வந்ததில் இதுவரை கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று ஒரு விளையாட்டுப் பக்கம். 1912-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பத்திரிகை ஒன்றில் ஒரு பேஸ்பால் பிட்சர், தள்ளாடிக்கொண்டே போகும் தன் பந்துக்கு ஜாஸ் பால் என்று பேர் வைத்திருப்பதாகப் பெருமை பேசினார். இசைக்கு அந்தப் பெயர் ஒட்டியது அப்புறம்தான். இது மியூசியத்தில் பார்த்ததில்லை, நான் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்வது.

அந்தக் காலத்தில் கறுப்பர்களின் பேஸ்பால் அணியும் ஜாஸ் பாண்டும் ஊருக்கு வந்தால் இரண்டுக்கும் கதவு திறந்த ஹோட்டல்களில் பேர் பெற்றது, 18-ஆம் தெருவில் ஸ்ட்ரீட் ஹோட்டல். வெள்ளைக்காரர் ஹோட்டல்களில் இடம் கிடையாது. காலையில் ஒரே மேஜையில் பிட்சரும் டிரம்பெட்காரரும் முட்டை தின்றிருக்கிறார்கள். அந்த ஹோட்டலில் இருந்த புளூ ரூம் கிளப்பின் பெயரைத்தான் இப்போது மியூசியத்தோடு ஒட்டிய கிளப்புக்கு வைத்திருக்கிறார்கள்.

பசி. அதே 18-ஆம் தெருவில் கிழக்கே நடந்தால் ப்ரூக்ளின் அவென்யூ முனையில் ஆர்தர் பிரையன்ட்ஸ் என்ற பார்பிக்யூ கடை. ஃபார்மிகா மேஜை, வரிசையில் நிற்க வேண்டும், கையில் தட்டோடு நகர வேண்டும், மரியாதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. பர்ன்ட் எண்ட்ஸ் கேட்டேன். மாட்டு நெஞ்சுக்கறியை மணிக்கணக்கில் புகையில் வேகவைக்கும்போது ஓரத்தில் கருகும் துண்டுகள். ஒரு காலத்தில் அதை விற்கவே மாட்டார்களாம், வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா எடுத்துத் தின்றுகொள்ளலாம். நான் தப்பான காலத்தில் பிறந்துவிட்டேன். வெளியே கருக்கு, உள்ளே நெய்யாக உருகுகிறது. கூட வரும் வெள்ளை பிரெட் எதற்கும் உதவாது, கையைத் துடைக்கலாம். சாஸ் இனிப்பே இல்லை. வினிகர் புளிப்பு, மிளகாய்த்தூள் காரம், நாக்கில் மணல் மாதிரி நெருடல். வற்றக்குழம்பின் அடிவண்டலை விரலால் வழித்தவர்களுக்கு அந்தச் சாஸ் உடனே பிடிக்கும். இரண்டு நாளாகக் கணக்குப் பார்த்தவன் அங்கே பார்க்கவில்லை. இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

வயிறு கனக்க ப்ரூக்ளினில் தெற்கே நாலு தெரு நடந்தேன். 22-ஆம் தெருவில் பழைய முனிசிபல் ஸ்டேடியம் இருந்த இடம். 1976-இல் இடித்துவிட்டார்கள், இப்போது வீடுகள். இங்கேதான் 1965-இல், 59 வயதில், பெய்ஜ் பெரிய லீக்கில் கடைசியாகப் பந்து வீசினார். ஆட்டத்துக்கு முன் அவரை ஒரு ஆடும் நாற்காலியில் உட்காரவைத்து வேடிக்கை காட்டினார்கள். எழுந்து போய் மூன்று இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் நான் தரையையே பார்ப்பதைப் பார்த்து, எதையாவது தொலைத்துவிட்டேனா என்று கேட்டார்.

சாயங்காலம் காஃப்மன் ஸ்டேடியம், இப்போதைய ஊர் அணியான ராயல்ஸின் பேஸ்பால் மைதானம். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் கொண்டு போய்க் கட்டியிருக்கிறார்கள், கார் இல்லாதவன் மனிதனே இல்லை. போவதற்கு 17 டாலர். மேல்தட்டில் இருப்பதிலேயே மலிவான சீட், ஆனால் நீரூற்றுகள் அங்கிருந்துதான் அழகு. நீல இருக்கைகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு இருக்கை. பக் ஓ'நீலின் நினைவாக, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஊருக்கு நல்லது செய்த யாராவது ஒருவரை அதில் உட்காரவைக்கிறார்கள். 2006-இல் அவர் இறந்தார், அடுத்த வருஷத்திலிருந்து இந்த வழக்கம். ராயல்ஸ் 4-2 என்று தோற்றது. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு பையன் தேவையே இல்லாமல் இரண்டாவது பேஸுக்கு (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடங்களில் ஒன்று) ஓடி அவுட் ஆனான். எனக்கு முன்னால் இருந்த பாட்டி அவனைத் திட்டிய சொற்களை இங்கே எழுத முடியாது. பந்து வீச நேரக் கெடு வைக்கும் பிட்ச் கிளாக் வந்த பிறகு ஆட்டம் சீக்கிரம் முடிகிறது, ஒன்பதுக்கெல்லாம் வெளியே வந்துவிட்டேன்.

வந்து என்ன பயன், ஆப்பில் காரே கிடைக்கவில்லை. நாற்பது நிமிஷம் நின்ற பிறகு ஒரு டாக்ஸி. மீட்டர் ரிப்பேராம். 48 டாலர் என்றார். சென்னையில் ஆட்டோ ஸ்டாண்டில் கேட்ட அதே வசனம், அதே அலட்சியமான தலைத் திருப்பல், மொழி மட்டும் வேறு. வாதாடினேன். "நடந்துதான் பாரேன்" என்று நெடுஞ்சாலையைக் காட்டினார். ஏறிக்கொண்டேன். வழி முழுக்கத் தன் மகள் கல்லூரிச் செலவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அந்தச் செலவில் என் பங்கு இருக்கிறது.

புளூ ரூமில் கடைசி செட் மட்டும் கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் நல்ல பிள்ளைத்தனம். நள்ளிரவு தாண்டியதும் மூலை திரும்பி ஹைலண்ட் அவென்யூவில் 1823-ஆம் எண், மியூச்சுவல் மியூஸிஷியன்ஸ் ஃபவுண்டேஷன். 1917-இல் அமைந்த கறுப்பு இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கத்தின் வீடு. ஊர் அரசியலை ஆட்டிப்படைத்த டாம் பெண்டர்காஸ்ட் காலத்தில் மதுவிலக்கு சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்தது, கிளப்புகள் விடியவிடிய ஓடின. வேலை முடிந்த கலைஞர்கள் இங்கே வந்து தங்களுக்காக வாசிப்பார்கள். 1939-இல் வரி ஏய்ப்புக்காக அந்த ஆள் சிறைக்குப் போனார், கிளப்புகள் படுத்தன, இது மட்டும் நிற்கிறது. இன்னமும் வெள்ளி, சனி நள்ளிரவுக்குப் பிறகுதான் ஆரம்பம்.

சின்ன அறை, பழைய நாற்காலிகள், சுவர் முழுக்கப் படங்கள். பதினாறு வயதுகூட இருக்காத ஒரு பையன் ஆல்டோ சாக்ஸபோனோடு ஏறி, மூன்றாவது சுற்றில் வழி தவறி நின்றுவிட்டான். 1936-இல் ரீனோ கிளப்பில் இதே வயதுப் பார்க்கர் இதே மாதிரி தடுமாறியபோது டிரம்மர் ஜோ ஜோன்ஸ் அவர் காலடியில் சிம்பலை வீசி எறிந்தார். இந்தப் பையனுக்கு டிரம்மர் தலையை ஆட்டி, எங்கே சேர வேண்டும் என்று நாலு தட்டில் காட்டிக் கொடுத்தார். சேர்ந்துகொண்டான்.

இடைவேளையில் பாஸ் வாசித்தவர் என் தொப்பியைப் பார்த்து, "மேட்சுக்கா போயிருந்தீங்க? நான் ஒரு கல்யாணத்துல மாட்டிக்கிட்டேன். அந்த ஒன்பதாவது இன்னிங்ஸ் என்னதான் ஆச்சு?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். பந்து பந்தாகச் சொன்னேன். ஓடின பையன் கதை வந்தபோது டிரம்மரும் வந்து நின்றார், மேஜையில் உப்பு டப்பாவையும் ஆஷ்ட்ரேயையும் பேஸாக வைத்து அவன் எப்போது கிளம்பியிருக்க வேண்டும் என்று காட்டினார். பியானோக்காரர் தனியாக அடுத்த பாட்டை ஆரம்பித்து, யாரும் வராததால் நிறுத்தி, "ஐயா, ஆட்டம் முடிஞ்சு ஆறு மணி நேரம் ஆச்சு" என்று கத்தினார்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தபோது கால் வீங்கியிருந்தது. திரும்பிய பஸ் அதே கம்பெனி, அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

செலவுக் கணக்கு தருவதாகச் சொன்னேன். எல்லாவற்றையும் பார்பிக்யூ ரசீதின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சாஸ். மியூசியம் எவ்வளவு, மேட்ச் டிக்கெட் எவ்வளவு, ஒன்றும் தெரியவில்லை. டாக்ஸி 48 மட்டும் பளிச்சென்று இருக்கிறது.