ஒரு கிராம் கரி

வடசென்னையில் ஓர் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சோதனைக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். பொடித்துச் சலித்த கரியில் ஒரு கிராம் நிறுத்து, ஃபர்னஸில் 815 டிகிரியில் எரிப்போம். கிண்ணத்தில் மிஞ்சுவது சாம்பல். ஒடிசாவின் தால்ச்சரில் ரயிலேறி, பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூர் துறைமுகத்தில் இறங்கும் கரியில் சில நாள் 40 சதவீதம்கூடச் சாம்பல்தான். பத்து டன் எரித்தால் நாலு டன் மிச்சம்.

2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு விதி போட்டது. சுரங்கத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நிலையங்கள், காலாண்டுச் சராசரியில் 34 சதவீதத்துக்கு மேல் சாம்பல் இல்லாத கரியைத்தான் எரிக்க வேண்டும். சாம்பலைக் குறைக்கக் கழுவிய கரியானாலும் சரி, கலந்த கரியானாலும் சரி. நான் எழுதும் எண்ணுக்கு ஒரு கனம் வந்துவிட்டதாக அன்று உணர்ந்தேன்.

2020 மே மாதம் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். கரியைக் கழுவும் இடத்திலும் கழிவு சேர்கிறது, சாம்பலை மின் நிலையமே கையாளட்டும் என்றார்கள். முதல் பாதி உண்மைதான். ஆனால் இங்கே கையாள்வது என்றால் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவது. குழாய் உடைந்தால் கொசஸ்தலை ஆற்றுக்குத்தான் போகும். போயிருக்கிறது.

அப்புறம் 2022 கோடையில் கரித் தட்டுப்பாடு. மாநில மின் நிலையங்கள் 10 சதவீதம் வெளிநாட்டுக் கரி கலக்க வேண்டும் என்று உத்தரவு வந்து, ஆகஸ்டில் அந்தக் கட்டாயம் விலகியது. இந்தோனேசியக் கரியில் சாம்பல் குறைவு, ஆனால் சட்டென்று பற்றிக்கொள்ளும். யார்டில் புகையும் குவியலைப் புல்டோசர் விட்டு அமுக்கி, தண்ணீர் அடிக்க வேண்டும். அரைக்கும் மில்லில் சூடு ஏறாமல் ஆபரேட்டர்கள் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும்.

என்னோடு சாம்பிள் எடுத்தவரின் அண்ணன் அந்த ஆற்று முகத்துவாரத்தில் இறால் பிடிப்பவர். வரம்பு போன செய்தியைச் சொன்னபோது அவர் கேட்டார்: “அப்போ இனிமே எவ்வளவு இருந்தா தப்பு சார்?”

என்னிடம் பதில் இல்லை. ஓய்வுபெறும்வரை, சாம்பல் 34ஐத் தாண்டிய நாட்களைப் பதிவேட்டில் சிவப்பு மையில்தான் எழுதிவந்தேன்.