எழுத்து வகுப்பில் எனக்கு எந்த இடம்?

டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 30-க்கு 26 வாங்கியிருந்தேன். அதனால் அமெரிக்காவில் முதலாண்டு எழுத்து வகுப்பு நேராகக் கிடைத்துவிடும் என்று நம்பிப் போனேன். சேர்ந்த முதல் வாரமே ஒரு மணி நேரக் கட்டுரைத் தேர்வு வைத்தார்கள். முடிவு, அதற்கும் ஒரு படி கீழே, ஆங்கிலம் கற்பவர்களுக்கான ஆயத்த வகுப்பு.

அன்றிரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் துறை அலுவலகத்துக்குப் போய், என் கட்டுரையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். காட்டினார்கள். முதல் பக்கத்தில் மட்டும் பதினொரு சிவப்பு வட்டம். பாதிக்கு மேல் ‘தி’ (the) என்ற ஆங்கிலச் சொல் விட்டுப்போன இடங்கள். தமிழில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. எழுதும் வேகத்தில் அதுதான் முதலில் நழுவும். என் வாதத்தைப் பற்றி ஓரத்தில் ஒரு வரிகூட இல்லை. அதுதான் வலித்தது.

அப்புறம் கிரெடிட் பற்றி, அதாவது ஒவ்வொரு வகுப்புக்கும் உள்ள பாட மதிப்பைப் பற்றி, விசாரித்தேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளநிலை மாணவர் ஒரு பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கில் இந்த வகுப்பு வருமாம், பட்டக் கணக்கில் வராதாம். இந்த வகுப்புக்குக் கட்டணம் கட்டியும் பட்டத்துக்கு ஒன்றும் சேராது! இதை யாரும் தானாகச் சொல்லவில்லை. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. நேரம் எடுத்துத் திருத்தி எழுதிய இரண்டு கட்டுரைகளை, முதல் வரைவோடு சேர்த்துக் கொடுத்தேன். அங்கிருந்த ஆசிரியை ஒருவர் பொறுமையாக விளக்கினார். ஒரே தேர்வை வைத்து இடம் ஒதுக்கக் கூடாது என்பதுதான் கல்லூரி எழுத்து ஆசிரியர்களின் தேசிய அமைப்பின் நிலைப்பாடாம். மிச்சிகனில் உள்ள கிராண்ட் வேலி ஸ்டேட் பல்கலைக்கழகம் 1996-லேயே, விவரத்தைச் சொல்லிவிட்டு, எந்த வகுப்பு என்பதை மாணவரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டதாம்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. முதலாண்டு வகுப்பிலேயே சேரலாம்; பொதுப் பிரிவா, பன்மொழி மாணவர் பிரிவா என்பது என் விருப்பம். இரண்டுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே கிரெடிட். யோசித்துப் பன்மொழிப் பிரிவையே எடுத்தேன். அங்கே ஆள் குறைவு, ஆசிரியருக்கும் இரண்டாம் மொழி எழுத்தில் பயிற்சி உண்டு.

முதல் கட்டுரை திரும்பி வந்தது. ‘தி’ விட்ட இடங்களில் பென்சிலால் லேசாக ஒரு கோடு மட்டும். ஓரத்தில் இப்படி எழுதியிருந்தார்: “இங்கே ஏன் இப்படி நினைக்கிறாய்? இன்னும் நாலு வரி எழுது.”