தக்காளி வண்டி திரும்பிப் போன பிறகு

விளைச்சல் கூடி விலை சரிந்திருந்த ஒரு வாரத்தில், சுற்றுவட்டார விவசாயிகள் சிலர் தக்காளிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டார்கள். "உணவு பதப்படுத்தும் ஆய்வகம்னு போர்டு இருக்கே சார், இதைக் கூழாவோ வற்றலாவோ ஆக்கித் தர முடியுமா?" என்று கேட்டார்கள். எங்களிடம் இருந்த உலர்த்தியில் ஒரு தடவைக்கு ஐந்து கிலோதான் போட முடியும். செய்முறை வகுப்புக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் அது போதுமானதாக இருந்தது. வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆய்வகத்தை மேம்படுத்த நிதி கேட்டு நான் எழுதிய முதல் விண்ணப்பம் அந்த வாரம் எழுதியதுதான்.

விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது, மூன்றாம் முறை நிதி கிடைத்தது. அந்தக் கதையை விட்டுவிடுகிறேன்.

நாங்கள் முதலில் போட்ட எந்திரப் பட்டியலின் தலையில் ஒரு பெரிய ஸ்ப்ரே டிரையர் இருந்தது. பழச்சாற்றைப் பொடியாக்கலாம், நல்ல ஆய்வுகள் செய்யலாம் என்பது துறையின் ஆசை. பட்டியலைக் கொடுப்பதற்கு முன்னால் அதே விவசாயிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினோம். அவர்களில் ஒருவர்கூடப் பொடி கேட்கவில்லை. பறித்ததை இரண்டு மூன்று நாள் கெடாமல் வைக்க இடம், கழுவித் தரம் பிரிக்க வசதி, கூழ் எடுக்கும் எந்திரம், செய்த பொருள் பாதுகாப்பானதா என்று சோதித்துச் சொல்ல ஓர் ஆள். இவ்வளவுதான் கேட்டார்கள். பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரை சூட்டில் இளகி ஸ்ப்ரே டிரையரின் சுவரில் பசையாக ஒட்டும். மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற மாவுப்பொருளைக் கணிசமாகக் கலந்தால்தான் பொடியாக உதிரும். சிறு விவசாயிக்கு அது எதற்கு? பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். துறைக்குள் கொஞ்சம் மனவருத்தம் வந்தது, ஆனாலும் அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் தரை. மொத்த வேலையில் அதிக நாள் எடுத்ததும் அதிகச் சண்டை போட்டதும் தரைக்காகத்தான். பழைய டைல்களின் இடுக்குச் சிமென்ட்டைத் தக்காளிச் சாற்றின் அமிலம் அரித்திருந்தது, அங்கங்கே தண்ணீர் தேங்கும். லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவுக்கு இப்படிப்பட்ட ஈர இடுக்குகளும் வடிகால்களும் பிடித்தமான இடம். குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் அது வளரும். அதனால் மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் சாய்வு வேண்டும் என்று கேட்டேன். தரை என்றால் மட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டட வேலைக்காரர்கள் வாதாடினார்கள். ஒரு வாளித் தண்ணீரை நடு அறையில் கொட்டி, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கூட நின்று காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். எபாக்ஸி பூச்சு மலிவு. ஆனால் கொதிநீர் அடிக்கடி விழும் இடத்தில் உரிந்து வந்துவிடும். கொதிகலன் பக்கம் மட்டும் சூட்டைத் தாங்கும் பாலியூரித்தேன் கான்கிரீட் போட்டோம். வடிகாலில் கழிவுநீர், தயாரான பொருள் இருக்கும் பக்கத்திலிருந்து மண்ணோடு காய்கறி வந்து இறங்கும் பக்கமாகத்தான் ஓட வேண்டும். பழைய கட்டடத்தில் அது நேர்மாறாக இருந்ததால் தரையை முழுக்கத் தோண்டினோம்.

ஆட்களின் நடமாட்டத்தையும் அப்படியே மாற்றினோம். முன்பு உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே கதவு. சுவரை உடைத்து இரண்டாவது கதவு வைத்ததால், காய்கறி ஒரு பக்கம் நுழைந்து, அடைத்த பொருளாக மறுபக்கம் வெளியேறுகிறது. மாவு அரைக்கும் எந்திரத்துக்குத் தனி அறை கொடுத்தோம். மாவுத்தூசி காற்றில் அடர்ந்து கலந்தால் ஒரு பொறியில் வெடிக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

உலர்த்தி வாங்கும்போது ஒரு கணக்கு எங்களை மலைக்க வைத்தது. 100 கிலோ தக்காளியில் சுமார் 94 கிலோ தண்ணீர்தான். ஈரப்பதம் 10 சதவீதமாகும் வரை உலர்த்தினால் கையில் மிஞ்சுவது ஏழு கிலோகூட இல்லை. மீதி 93 கிலோவை ஆவியாக்க, வெப்பம் துளியும் வீணாகாவிட்டாலே ஏறக்குறைய 58 யூனிட் மின்சாரம் வேண்டும். பாதி வெப்பம் காற்றோடு போய்விட்டால் இரட்டிப்பு. எங்கள் மின் இணைப்பும் தாங்காது, விவசாயிக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பகலில் சூரிய வெப்பத்தில் காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்பி, குறைகிற சூட்டை மட்டும் வெப்பப் பம்பு கொடுக்கிற மாதிரி அமைத்தோம். ஒரு தடவை உலர்த்த நேரம் கூடுதலாகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடைத்த டப்பாக்களை அழுத்த நீராவியில் சூடாக்கிக் கிருமிகளைக் கொல்லும் எந்திரமான ரிடார்ட் விஷயத்தில்தான் பயந்துபோனேன். டப்பாவில் அடைத்த பட்டாணி மாதிரி அமிலம் குறைந்த உணவில், அதாவது பிஎச் அளவு (அமிலம் கூடக் கூட இது குறையும்) 4.6-க்கு மேல் இருப்பதில், கிளாஸ்ட்ரிடியம் பாட்யூலினம் என்ற கிருமியின் வித்துகள் தப்பிப் பிழைத்தால் உயிரைக் குடிக்கும் நஞ்சு உருவாகும். டப்பாவின் நடுப்பகுதி குறைந்தது 121 டிகிரி செல்சியஸில் மூன்று நிமிடம் இருந்ததற்குச் சமமான வெப்பத்தைப் பெற வேண்டும். எந்திரத்தைப் பொருத்தியவர்கள் முகப்பு மீட்டர் 121 காட்டியதும் வேலை முடிந்தது என்று கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. பல மூலைகளில் வெப்ப உணரிகளை வைத்து ஓட்டிப் பார்த்தால், ஒரு மூலை மட்டும் வெகு நேரம் பின்தங்கியது. நீராவியை உள்ளே விடும்போது பழைய காற்று முழுக்க வெளியேறவில்லை; காற்று தங்கிய இடத்தில் நீராவியின் சூடு டப்பாவுக்குப் போய்ச் சேராது. காற்றை வெளியேற்றும் நேரத்தை நீட்டி, மறுபடி மறுபடி ஓட்டி, எல்லா மூலையும் ஒன்றுபட்ட பிறகே கையெழுத்துப் போட்டேன். இப்படி ஒரு வசதி அமைக்கப் போகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தச் சோதனையை யாருக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

தக்காளி விவகாரமும் லேசானதல்ல. அதன் பிஎச் ரகத்தையும் பழுத்த அளவையும் பொறுத்து 4.6-க்கு இரண்டு பக்கமும் போகும். ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் அளந்து, தேவையான சிட்ரிக் அமிலம் சேர்த்த பிறகுதான் எங்கள் ஆய்வகத்தில் டப்பாவில் அடைக்க விடுகிறோம்.

திறந்த பிறகு வந்த சிக்கலை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அறுவடை உச்சத்தில் இருந்த மாதம் பல்கலைக்கழகத்துக்கு விடுமுறை, ஆய்வகத்துக்குப் பூட்டு! நிர்வாகத்திடம் பேசி, விடுமுறையிலும் ஒரு டெக்னீஷியன் முறை வைத்து வர அனுமதி வாங்க ஒரு பருவமே வீணானது. இப்போது முன்பதிவு ஏட்டை அறுவடைக் காலத்தை வைத்துத்தான் போடுகிறோம், செய்முறை வகுப்புகளை அதற்கேற்ப நகர்த்துகிறோம்.

அன்று திரும்பிப் போன வண்டிக்காரர்களில் ஒருவரும் அவர் மனைவியும் போன பருவத்தில் முதல் தொகுதிக் கூழ் எடுத்தார்கள். பிஎச் மீட்டரைக் கழுவித் துடைத்து, அந்த அம்மாவே அளந்து பார்த்து 4.2 என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "வைக்கிறதுக்கு இடம் எப்ப சார்?" என்று கேட்டார்.

குளிர் அறை இன்னும் பாக்கி. தக்காளிக்கு 12, 13 டிகிரி வேண்டும், அதற்கும் கீழே போனால் அதன் நிறமும் சுவையும் கெடும். கீரைக்குப் பூஜ்யத்தை ஒட்டிய குளிர் வேண்டும். அதனால் இரண்டு அறைகளாகக் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.