கையில் காசு தங்காததற்கு யார் காரணம்?

"அவன் கையில் காசு தங்காது" என்று சொல்லிவிட்டால், ஒருவருடைய வறுமைக்கான காரணத்தை முழுவதுமாகச் சொல்லிவிட்டதாக நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். உறவினர்களின் பேச்சில் இதைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். படித்தவர்களும், நல்ல மனம் உள்ளவர்களும், தாமே பாடுபட்டு முன்னுக்கு வந்தவர்களும் இதை உறுதியாகச் சொல்வதுண்டு. சிக்கனமாக இருந்து, சீட்டுக் கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்த தங்கள் பெற்றோரை அவர்கள் சான்றாகக் காட்டும்போது, அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் அவர்கள் சொல்வது சரியென்றால், ஒரே மனிதர் ஆண்டின் ஒரு பருவத்தில் பொறுப்பானவராகவும் இன்னொரு பருவத்தில் பொறுப்பற்றவராகவும் தெரிவது எதனால் என்ற கேள்விக்கு அவர்கள் விடை சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் செய்த அந்த ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. 54 கிராமங்களைச் சேர்ந்த 464 விவசாயிகளை கரும்பு வெட்டுக்கு முன் ஒரு முறையும், வெட்டு முடிந்து பணம் கைக்கு வந்த பின் ஒரு முறையும் சந்தித்திருக்கிறார்கள். வெட்டுக்கு முன் பொருளை அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம். வெட்டுக்குப் பின் 4 சதவீதம். சிந்தனைத் திறனை அளக்கும் எளிய சோதனைகளிலும், பணம் வந்த பின் செய்ததைவிடப் பணத்துக்காகக் காத்திருந்த நாட்களில் அதே விவசாயிகள் பின்தங்கியிருந்தார்கள்.

மழை, வெயில், பண்டிகை போன்றவற்றால் வந்த வேறுபாடாக இது இருக்கலாமே என்று கேட்கலாம். கரும்பை எல்லோரும் ஒரே நாளில் வெட்டுவதில்லை. ஆலையின் அரவைத் திறனுக்கு ஏற்ப வெட்டு உத்தரவு வருவதால், அடுத்தடுத்த வயல்களுக்குள்ளேயே அறுவடை மாதக்கணக்கில் தள்ளிப்போகும். ஒரே காலத்தில் ஒருவர் பணம் வாங்கி நகையை மீட்டிருப்பார், பக்கத்து வயல்காரர் இன்னும் காத்திருப்பார். வானிலையும் பண்டிகையும் இருவருக்கும் ஒன்றுதான் என்பதால் அந்த ஐயத்துக்கு இடமில்லை. அடகுக் கடை வாசலில் நின்றவரும், சில மாதங்களில் அதே நகையை மீட்டுக் கொண்டுவந்தவரும் ஒரே ஆள் என்னும்போது, இரண்டுக்கும் அவருடைய குணத்தைக் காரணமாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

இதற்கு எதிரான வாதத்தின் வலுவான வடிவத்தையும் நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும். சென்னைக் காய்கறி, பழச் சந்தைகளில் சிறு வியாபாரிகள் அதிகாலையில் கடன் வாங்கிச் சரக்கெடுத்து, விற்று, அன்று மாலையே வட்டியுடன் திருப்பிக் கொடுக்கிறார்கள். அந்த நாள் வட்டி சராசரியாக 4.69 சதவீதம் என்று பொருளியல் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அதாவது 1,000 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏறத்தாழ 47 ரூபாய். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினமும் 5 ரூபாயை மட்டும் எடுத்துவைத்து, மறுநாள் அந்த அளவுக்குக் குறைவாகக் கடன் வாங்கி, மிச்சமாகும் வட்டியையும் அப்படியே சேர்த்துக்கொண்டே போனால், ஏறத்தாழ 50 நாட்களில் கடனே தேவைப்படாது. இவ்வளவு எளிய வழி இருந்தும் ஆண்டுக்கணக்கில் அதே வட்டியைக் கட்டுகிறார்கள் என்றால், அது பழக்கத்தின் கோளாறுதானே என்று கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இத்தகைய சந்தை வியாபாரிகளின் வட்டிக்கடனை ஆய்வாளர்களே முழுவதும் அடைத்தார்கள். பெரும்பாலோர் ஆறு வாரங்களுக்குள் மறுபடியும் கடன் வாங்கினார்கள். ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கடன் அடைக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடே இல்லை. படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இதைப் பழக்கத்துக்கான சான்றாகச் சிலர் எடுத்துக்கொள்வது புரிகிறது. என் வாசிப்பு வேறு. கடன் அடைந்தபின் கையில் நிற்கும் அந்த 1,000 ரூபாய்தான் வியாபாரிக்குத் தொழில் முதல், அதே நேரத்தில் அவருடைய ஒரே சேமிப்பும் அதுதான். குழந்தைக்குக் காய்ச்சல், ஜூன் மாதப் பள்ளிச் செலவு, விற்காமல் அழுகிய ஒரு மூட்டை தக்காளி, ஊரில் ஒரு சாவு என எது வந்தாலும் அந்த முதலிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுத்த மறுநாள் காலை வியாபாரத்துக்குப் பணம் வேண்டும், அதை விடியற்காலையில் கேள்வி கேட்காமல் கொடுப்பவர் வட்டிக்காரர் மட்டுமே. நான் போட்ட 50 நாள் கணக்கில் இந்தச் செலவுகளில் ஒன்றுகூட இல்லை. மாதச் சம்பளமும், விடுப்பும், மருத்துவக் காப்பீடும் உள்ளவர்களின் வாழ்க்கையை வைத்துப் போட்ட கணக்கு அது.

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் மிக ஏழ்மையான பெண்களுக்குப் பசு போன்ற சொத்துகளைக் கொடுத்த திட்டத்தை ஆராய்ந்தவர்கள் 6,000 வீடுகளைப் பதினொரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோருக்கும் கிடைத்த உதவி கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் ஏற்கனவே சிறிதளவு உடைமை இருந்து, இந்த உதவியால் ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டியவர்கள் மேலும் மேலும் முன்னேறினார்கள். அந்த மட்டத்துக்குக் கீழேயே நின்றவர்கள் பழைய நிலைக்கே சரிந்தார்கள். பசு மட்டும் இருந்து, தீவனம் ஏற்றிவர வண்டியோ கட்டிவைக்கக் கொட்டகையோ இல்லாதவர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் ஓர் எல்லைக்கு மேல் போக முடியவில்லை. சந்தை வியாபாரியின் கடனை ஒருமுறை அடைத்தது ஏன் போதவில்லை என்பதற்கும் இதிலிருந்தே விளக்கம் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

குடியைப் பற்றிச் சொல்லாமல் இந்த விவாதம் முடிவதில்லை. குடி குடும்பங்களை அழிப்பதை நானும் பார்த்திருக்கிறேன், அதற்குக் குடிப்பவரின் பொறுப்பை மறுக்கவும் இல்லை. ஆனால் 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது என்பதையும், நாள் முழுக்கச் சுமை தூக்கியவர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே கடை இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசாவிட்டால், அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை.

சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பயன் தரும் இடமும் தராத இடமும் உண்டு; பயன் தரும் இடத்துக்கு ஒருவரைக் கொண்டுவந்து சேர்ப்பது அவருடைய பழக்கத்துக்கு வெளியே இருக்கும் வேலை. கரும்பையே எடுத்துக்கொள்வோம். 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பை ஒப்படைத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியும் சேர்த்துத் தர வேண்டும். நிலுவைத் தொகை கேட்டு விவசாயிகள் மறியல் செய்யும் செய்தியைப் பல ஆண்டுகளாக நாளிதழ்களில் படித்து வருகிறோம். ஆலையிடமிருந்து வர வேண்டிய பணம் வராத மாதங்களில் அந்த விவசாயி அடகுக் கடைக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சேமிப்பைப் பற்றி வகுப்பு எடுக்கும் முன், அந்த 14 நாள் விதி அவருடைய ஊரில் நடைமுறையில் இருக்கிறதா என்று மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.