ஆண் என்று எழுதிய மீன்

படிவத்தில் ஆண் என்றுதான் எழுதியிருந்தேன். கெளுத்தியைத் திருப்பிப் போட்டால் வயிற்றின் அடியில் சின்னதாக ஒரு கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஆணுக்கு மட்டும்தான் அப்படி. வயிற்றைக் கீறியபோதும் வெள்ளையாக, நீளமாக இரண்டு விந்தகங்கள் இருந்தன. சந்தேகப்பட ஒன்றுமில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் ஆய்வகத்தில் திசு வெட்டுவது என் வேலை. உறுப்பு கெடாமல் இருக்க முதலில் அதைப் பூவான் கரைசலில் ஊறவைப்போம். அந்தக் கரைசல் ஒரு துளி கையில் பட்டால் போதும், மஞ்சள் பூசின மாதிரி விரல் பல நாளுக்கு நிறம் மாறிக் கிடக்கும். அப்புறம் ஆல்கஹாலில் நீரை வெளியேற்றி, மெழுகில் பதித்து, சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டரை 200 பங்காக்கினால் ஒரு பங்கு என்ன தடிமனோ அந்தத் தடிமன். மூச்சு வேகமாக விட்டால் சீவல் பறந்துவிடும்.

அன்று மதியம் அந்தக் கெளுத்தியின் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். கடுகைக் கொட்டியது போல விந்தணுக்கள் கருநீலமாக நெருங்கிக் கிடந்தன. அவற்றின் நடுவே பல மடங்கு பெரிதாக, ஊதா நிறத்தில் ஓர் உருண்டை. உள்ளே வெளிறிய உட்கரு. உட்கருவின் விளிம்பை ஒட்டிப் பொடிப்பொடியாக மணிகள். முதிராத சினைமுட்டை அது. தகடு மாறிவிட்டதோ என்று எண்ணை மூன்று தடவை சரிபார்த்தேன். மாறவில்லை.

ஒரு மீனை வைத்து அது பிடிபட்ட அணையைக் குறை சொல்லக் கூடாது என்றார் எங்கள் மேலாளர். சரிதான், அதனால் அணையின் பெயரை இங்கேயும் எழுதவில்லை. ஆனால் இந்த நாட்டுக்கு இது புதிதல்ல. பிரிட்டோரியா பக்கத்தில் ரீட்ஃப்ளை அணையின் கெளுத்திகளில் இதே மாதிரி கண்டது 2004இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அந்த நீரில் நோனைல்ஃபீனால் இருந்தது. சலவைக்கும் ஆலைகளுக்கும் பயன்படும் சில கழுவுபொருட்கள் சிதைந்து அதுவாகின்றன. மீனின் உடம்புக்கு அது பெண் ஹார்மோன் போலவே படுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்கிற அந்த ஹார்மோன் கிடைத்தால் பெண் மீனின் கல்லீரல் முட்டைக்கான புரதத்தைச் செய்யும். ஆண் மீனின் கல்லீரலுக்கும் அந்தக் கைவேலை தெரியும். கேட்க ஆளில்லாமல் சும்மா இருக்கிறது. தண்ணீர் கேட்டால் அதுவும் செய்ய ஆரம்பித்துவிடும்.

எவ்வளவு கேட்டால்? கனடாவில் ஒரு சின்ன ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம். ஒரு கிராமை 20 கோடி லிட்டரில் கரைத்தால் வருகிற அளவு. அந்த ஏரியின் ஒரு சிறு மீனினம் கிட்டத்தட்ட அழிந்தே போனது. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாட்டின் வடக்கே லிம்போபோ மாகாணத்தில் கதை இன்னும் சிக்கல். அங்கே மலேரியாவுக்காக வீட்டுச் சுவர்களில் டிடிடி பூச்சிமருந்தை அடிக்கிறார்கள். 1996இல் நாட்டில் அதை நிறுத்தினார்கள். பதிலுக்கு அடித்த மருந்துக்கு அசையாத கொசு திரும்பி வந்தது, நோயாளிகள் பெருகினார்கள், 2000இல் டிடிடியும் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்து லுவுவ்ஹு ஆற்றின் திலேப்பியாவிலும் ஆணுக்குள் முட்டை கண்டிருக்கிறார்கள். நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்று வாங்குகிறோமே, அதே மீன். அதற்குத் தாய்வீடு இந்தப் பக்கத்து ஆறுகள்தான். மருந்தை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காய்ச்சலில் பிள்ளையை இழந்த வீட்டின் முன்னால் நின்று அதைச் சொல்ல முடியுமா? மீனைக் கணக்கிலேயே எடுக்காமல் அடிப்பதும் எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் அணைக்கரையில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு தாத்தா தூண்டிலோடு வருவார். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரன். ஆயாவிடம் கற்ற தமிழ். கெளுத்தியை மட்டும் பார்பல் என்பார். புரட்டாசி முழுக்க மீனைத் தொடமாட்டார். விரதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வலையோடு இறங்கினபோது அவர் வாளியில் ஏற்கெனவே இரண்டு கிடந்தன.

“என்னம்மா, அளந்து அளந்து எழுதுறே. இதைச் சாப்பிடலாமா, கூடாதா?”

என் கையில் படிவம் இருந்தது. நீளம், எடை, ஆணா பெண்ணா, ஈரலின் நிறம். அவர் கேள்விக்கு அதில் இடமே இல்லை. தெரிந்ததைச் சொன்னேன்: தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் எடுத்துப் போடுங்க தாத்தா, ஈரல் வேண்டாம், டிடிடி மாதிரி மருந்தெல்லாம் கொழுப்பில்தான் சேரும், கொதிக்க வைத்தாலும் போகாது, சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி கொடுக்காதீங்க. அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். “கொழுப்பு இல்லாத புளிக்குழம்பு என்ன குழம்பு” என்றார் மெதுவாக. எனக்கு நெஞ்சு கனத்தது. அந்தத் தண்ணீரில் அவர் எதையும் ஊற்றவில்லை.

படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு ஒரு புதுக் கட்டம் சேர்த்தேன்.

“வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுவீங்க, தாத்தா?”

விரல் விட்டு எண்ணினார். “ஏழு. மருமகள் மாசமா இருக்கா.”

இரண்டையும் எழுதிக்கொண்டேன்.